எண்டோமெட்ரியோசிஸை அறுவை சிகிச்சை இல்லாமல் கண்டறிய: எந்த வழியில் உழைப்பைப் போடலாம்?

என் அக்காவின் கோப்பில் ஐந்து ஸ்கேன் அறிக்கைகள் இருந்தன. ஐந்திலும் கடைசி வரி ஒன்றுதான்: கருப்பை, சினைப்பைகள் நார்மல். ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் சுருண்டு படுத்துக் கிடப்பவளிடம் அந்தத் தாளை நீட்டி, "ஒண்ணும் இல்லம்மா, சிலருக்கு இப்படித்தான் வலிக்கும், குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்பதாவது வருடம் ஒரு மருத்துவர், வயிற்றில் துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்தார். கருப்பைக்குப் பின்னால், மலக்குடல் ஒட்டியிருக்கும் இடத்தில், திட்டுத் திட்டாக இருந்தது எண்டோமெட்ரியோசிஸ், கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இருந்துச்சா?" இருந்தது என்றதும் அழுதாள். அது நிம்மதியில் வந்த அழுகை என்று எனக்குப் புரியவே சில நாள் ஆனது.

அவளுடைய ஒன்பது வருடம் அபூர்வமானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. அறிகுறி தொடங்கி நோயின் பெயர் தெரியவருவதற்குள் 4 முதல் 12 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அறுவை சிகிச்சை இல்லாத ஒரு பரிசோதனை வந்தால் இந்த இடைவெளி சுருங்கும் என்று உலகெங்கும் பல குழுக்கள் உழைக்கின்றன. எச்சில், ரத்தம், மாதவிடாய் ரத்தம், கருப்பை உட்சுவரின் சிறு துணுக்கு, ஸ்கேன் என்று ஆளுக்கொரு பாதை.

இந்தக் கட்டுரை அந்தப் பாதைகளை ஒப்பிடுகிறது. ஒரு ஆய்வுக் குழுவிடம் ஐந்தாண்டு நேரமும் அளவான நிதியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதில் இறங்குவது? என் முடிவை ஒளித்து வைக்கப் போவதில்லை. எந்தத் திரவத்தை எடுத்துச் சோதிக்கிறோம் என்பதைவிட, நோயுள்ளவர்களை யாரோடு ஒப்பிட்டுச் சோதிக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. இதுவரை சறுக்கிய பரிசோதனைகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் சறுக்கின.

அளவுகோலே கொஞ்சம் கோணல்

புதுப் பரிசோதனையை எதனோடு ஒப்பிடுவது? இத்தனை காலம் லேப்ராஸ்கோப்பிதான் அளவுகோல். முழு மயக்கம் கொடுத்து, தொப்புளருகே துளையிட்டு, வயிற்றில் வாயு நிரப்பி, கேமராவை உள்ளே விடுகிறார்கள். தெரிவதெல்லாம் ஒரே மாதிரி இருக்காது. சிலருக்கு வெடிமருந்துத் தூள் சிதறியது போலக் கருநீலப் புள்ளிகள். சிலருக்குச் சிவப்புத் திட்டுகள். சிலருக்குத் தெளிந்த நீர்க்கொப்புளங்கள், அவற்றைப் பழகாத கண் கடந்துபோய்விடும். உள்ளுறைக்கு அடியில் புதைந்திருப்பது கேமராவுக்குத் தெரியாமலே போகலாம்.

அறுவை மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொன்னதைப் பயாப்ஸி முடிவோடு ஒப்பிட்ட ஆய்வுகளை 2004ல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். நோயுள்ளவர்களில் 94 சதவீதத்தினரைக் கண் பிடித்தது. நோயில்லாதவர்களில் 79 சதவீதத்தினரைத்தான் சரியாக விலக்கியது. அதாவது நோயில்லாத நூறு பேரில் 21 பேருக்கு "இருக்கிறது" என்ற தவறான முத்திரை விழுந்திருக்கிறது. அதனால்தான் கண்ணால் பார்த்தது போதாது, துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

2022ல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் தன் வழிகாட்டுதலை மாற்றியது. நோயறிய லேப்ராஸ்கோப்பிதான் இறுதி அளவுகோல் என்ற நிலையைக் கைவிட்டு, ஸ்கேனில் ஒன்றும் தெரியாதவர்களுக்கோ, மருந்து பலனளிக்காதவர்களுக்கோ, மருந்து பொருந்தாதவர்களுக்கோ மட்டும் அதைப் பரிந்துரைத்தது. அதே வழிகாட்டுதல், ரத்தத்திலும் மாதவிடாய் ரத்தத்திலும் கருப்பை உட்சுவரிலும் உள்ள குறியீடுகளை, அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் பொருட்களை வைத்து நோயை முடிவு செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. புதுப் பரிசோதனை தேடுகிறவர்கள் இந்த இரண்டாவது வரியைத் தாண்டி வர வேண்டும்.

பரிசோதனைக்கு என்ன வேலை?

ஒரே பரிசோதனையிடம் எல்லா வேலையையும் கேட்க முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016ல் இந்தத் துறையை அலசியபோது வேலையை மூன்றாகப் பிரித்தது. முதலாவது, லேப்ராஸ்கோப்பிக்கு மாற்றாக நிற்பது. அதற்கு, நோயுள்ளவர்களைப் பிடிக்கும் திறன் 94, நோயில்லாதவர்களை விலக்கும் திறன் 79 சதவீதமாவது வேண்டும். இரண்டாவது, நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்வது. பிடிக்கும் திறன் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; விலக்கும் திறன் 50 இருந்தாலும் போதும். மூன்றாவது, நோய் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வது. அதற்கு நேர்மாறாக, விலக்கும் திறன் 95, பிடிக்கும் திறன் 50.

இந்தச் சதவீதங்கள் வெறும் எண்ணாக இருக்கும்வரை யாருக்கும் உறைக்காது. ஆட்களை வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு திறனும் 95 சதவீதம் உள்ள அருமையான பரிசோதனை ஒன்று நம் கையில் இருக்கிறது. அதை எந்தத் தெரிவும் இல்லாமல் ஆயிரம் பெண்களுக்குச் செய்கிறோம். அவர்களில் நோயுள்ளவர் 100 பேர், அதில் 95 பேர் பிடிபடுவார்கள். மீதி 900 பேரில் 45 பேருக்கு நோய் இல்லாமலே "பாசிட்டிவ்" வரும். ஆக மொத்தம் 140 பாசிட்டிவில் 45 பொய். ஏறக்குறைய மூன்றில் ஒன்று.

அதே பரிசோதனையைச் சிறப்பு மருத்துவமனை ஒன்றில், நீண்ட நாள் வலியோடு அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஆயிரம் பேருக்குச் செய்கிறோம். அங்கே 750 பேருக்கு நோய் இருக்கும் என்று கொள்வோம். பொய்யான பாசிட்டிவ் வெறும் 12, 13 பேர்தான். ஆனால் இப்போது பிரச்சினை மறுபக்கம் திரும்புகிறது. நோயுள்ளவர்களில் 38 பேரைப் பரிசோதனை தவறவிடும். மொத்த நெகட்டிவ் சுமார் 275. "உனக்கு இல்லை" என்று கேட்டு வீட்டுக்குப் போகும் ஏழு பேரில் ஒருத்திக்கு நோய் இருக்கும். அவள் இனி வலியோடு வந்தால் யாரும் நம்பவும் மாட்டார்கள், ஏனென்றால் இப்போது அவள் கையில் ஆய்வகத்தின் சான்று வேறு இருக்கிறது.

பரிசோதனை ஒன்றுதான், செய்யும் இடம் மாறியதும் பதிலின் எடை மாறிவிட்டது. எச்சிலா, ரத்தமா என்று விவாதிக்கும் முன் எந்த வாசலில் இதை வைக்கப் போகிறோம் என்று குழு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன்: கையில் இருக்கும் வழி

ஸ்கேனைப் பற்றி அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் இதைப் பலர் பழைய சங்கதி என்று தள்ளிவிடுகிறார்கள்.

அக்காவுக்குச் செய்த ஐந்தும் வழக்கமான ஸ்கேன். வயிற்றின் மேல் ஜெல் தடவி, கருப்பையின் அளவு, சினைப்பைகளின் அளவு, கட்டி உண்டா என்று பார்த்து முடித்தார்கள். எண்டோமெட்ரியோசிஸுக்கென்று செய்யும் யோனிவழி ஸ்கேன் வேறு மாதிரியானது. 2016ல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று அதற்கு நான்கு படிகளை வகுத்தது. முதல் படி வழக்கம்போல் கருப்பையும் சினைப்பையும். பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி இருந்தால், பனிபடிந்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும். இரண்டாம் படியில் மருத்துவர் கருவியால் மெல்ல அழுத்தி, "இங்க வலிக்குதா? இங்க?" என்று ஒவ்வோர் இடமாகக் கேட்கிறார். சினைப்பையைத் தள்ளிப் பார்க்கிறார், நகர்கிறதா, பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

மூன்றாம் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கருவியால் கருப்பை வாயை லேசாகத் தள்ளுகிறார். திரையில் மலக்குடல், கருப்பையின் பின்புறத்தின் மேல் சறுக்கிக்கொண்டு போக வேண்டும், ஈரத் துணி கண்ணாடியில் நழுவுவது போல. ஒட்டிப்போயிருந்தால் நழுவாது, இரண்டும் சேர்ந்தே அசையும். சில நொடி வேலை. நான்காம் படியில் குடல், சிறுநீர்ப்பை, கருப்பையைத் தாங்கும் தசைநார்கள் என்று ஒவ்வோர் இடத்திலும் முடிச்சுகளைத் தேடுகிறார்.

2016ன் காக்ரேன் தொகுப்பில், சாக்லேட் கட்டியை யோனிவழி ஸ்கேன் பிடிக்கும் திறன் 93, விலக்கும் திறன் 96 சதவீதம். ஆழமாக ஊடுருவிய நோய்க்கு 79, 94. எம்ஆர்ஐயில் ஆழமான நோய்க்கு 94, 77. எம்ஆர்ஐ கூடுதலாகப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களுக்கும் கூடுதலாக "இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறது. சாக்லேட் கட்டிக்கு ஸ்கேனே அறுவையின் இடத்தை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நன்றாக இருக்கிறது. இந்த முறையில் ஆழமான நோயைப் பார்க்கப் பழக சுமார் 40 ஸ்கேன்களின் பயிற்சி போதும் என்று பயிற்சியைப் பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு மருத்துவர் ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய பயிற்சி.

அக்காவின் ஐந்து அறிக்கைகளும் பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் யாரும் தேடவில்லை, அவ்வளவுதான். ஆனால் "தேடவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் தாளில் ஒரே சொல்லாக, நார்மல் என்று அச்சாகிவிட்டது.

சரி, ஸ்கேனின் எல்லை எங்கே? மேலோட்டமான நோயில். வயிற்று உள்ளுறையில் மில்லிமீட்டர் அளவில் படர்ந்திருக்கும் திட்டுகளை எந்த ஸ்கேனும் நம்பகமாகக் காட்டுவதில்லை. நோயின் நிலைக்கும் வலியின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதால், சிறிய திட்டுள்ள பெண் பெரிய கட்டியுள்ளவளைவிட அதிகம் துடிக்கலாம். இன்னொரு எல்லை, உடலுறவு அனுபவம் இல்லாத இளம்பெண்களுக்கு யோனிவழி ஸ்கேன் பெரும்பாலும் செய்ய முடியாது. வலி தொடங்குவதோ பதின்ம வயதில்தான் பலருக்கு.

இந்த எல்லையை நகர்த்த இரண்டு முயற்சிகள் நடக்கின்றன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகக் குழு, ஸ்கேன் படங்களையும் எம்ஆர்ஐ படங்களையும் சேர்த்துக் கணினிக்குப் பழக்கும் இமாஜெண்டோ திட்டத்தை நடத்துகிறது. ஆக்ஸ்ஃபோர்டில், மராசிக்ளடைடு என்ற மூலக்கூறில் டெக்னீஷியம் கதிரியக்கத்தை ஏற்றி உடலில் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். திட்டுகளில் புதிதாக ரத்தநாளங்கள் முளைக்கும் இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. வடிவத்தைத் தேடாமல் நோயின் செயலைத் தேடுவதால் மேலோட்டமான திட்டும் தெரிய வாய்ப்பு உண்டு. இதுவரை வந்தது மிகச் சிறிய எண்ணிக்கையில் நடந்த ஆய்வுதான். கதிரியக்கம் என்பதால் மீண்டும் மீண்டும் செய்யவும் யோசிக்க வேண்டும். ஆனாலும் நான் ஆவலோடு கவனிக்கும் வழி இது.

ரத்தம்: அதிகம் தேடி, குறைவாகக் கிடைத்த இடம்

ரத்தம் எடுப்பது எல்லா ஆய்வகத்திலும் முடியும். அதனால்தான் அதிகம் பேர் இங்கே தேடினார்கள். காக்ரேன் 2016ல் 141 ஆய்வுகளைத் திரட்டியது. அவற்றில் 122 குறியீடுகள் அலசப்பட்டிருந்தன. மருத்துவமனையில் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைக்க ஒன்றுகூடத் தேறவில்லை.

நன்கு தெரிந்த குறியீடு சிஏ-125 என்ற புரதம். மில்லிலிட்டருக்கு 30 அலகுக்கு மேல் என்று எல்லை வைத்தால், விலக்கும் திறன் 93 சதவீதம், பிடிக்கும் திறன் 52 சதவீதம் என்று 2016ல் வந்த தொகுப்பாய்வு கணித்தது. பாதிப் பேரைத் தவறவிடும். அதோடு மாதவிடாய் நாட்களிலும் கர்ப்பத்திலும் இடுப்புத் தொற்றிலும் சினைப்பைப் புற்றுநோயிலும்கூட இந்த அளவு ஏறும். அளவு கூடியிருந்தால் சந்தேகத்தை வலுப்படுத்தலாம். குறைவாக இருப்பதைக் காட்டி ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினால் அது அநியாயம்.

ஒற்றைக் குறியீடு போதாது என்று இப்போது பல குறியீடுகளைச் சேர்க்கிறார்கள். பெர்த்தில் உள்ள புரோட்டியோமிக்ஸ் இன்டர்நேஷனல், மெல்பர்னின் ராயல் விமன்ஸ் மருத்துவமனையோடு சேர்ந்து 10 புரதங்களைக் கொண்ட ஒரு பரிசோதனையை உருவாக்கி 2024 இறுதியில் முடிவுகளை வெளியிட்டது. எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களின் ரத்தம். இதில் கவனிக்க வேண்டியது, நான் தொடக்கத்தில் சொன்ன விஷயம். பொதுவான ஆரோக்கியமான பெண்களோடு ஒப்பிட்டபோது நோயுள்ளவர்கள் ஏறத்தாழ முழுமையாகப் பிரிந்து நின்றார்கள். அறிகுறி இருந்தும் அறுவையில் நோய் இல்லை என்று தெரிந்தவர்களோடு ஒப்பிட்டபோது, முற்றிய நோயைத் தவிர மற்றவற்றில் அந்தத் துல்லியம் நன்றாகவே இறங்கியது. இரண்டு ஒப்பீட்டையும் ஒளிக்காமல் வெளியிட்டதற்கு அந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும். பல குழுக்கள் முதல் ஒப்பீட்டோடு நிறுத்திக்கொள்கின்றன.

ஏன் இறங்குகிறது? வலியோடு வாழும் உடலே வேறு. அழற்சி இருக்கும், வலிமாத்திரை போட்டிருப்பார்கள், தூக்கம் கெட்டிருக்கும், ஹார்மோன் மாத்திரை எடுத்திருப்பார்கள். ஆரோக்கியமானவரோடு ஒப்பிட்டால் பரிசோதனை இவற்றையெல்லாம் "நோய்" என்று கற்றுக்கொள்கிறது. மருத்துவரிடம் வருகிறவளோ ஏற்கெனவே வலியோடுதான் வருகிறாள். அவள் வலிக்குக் காரணம் எண்டோமெட்ரியோசிஸா, வேறொன்றா என்பதுதான் அங்கே கேள்வி.

எச்சில்: வாசலுக்கு மிக அருகில் வந்திருப்பது

பிரான்சின் ஸிவிக் நிறுவனத்தின் எண்டோடெஸ்ட் எச்சிலில் உள்ள மைக்ரோ ஆர்என்ஏக்களை, அதாவது மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் நுண்ணிய மூலக்கூறுகளைப் படிக்கிறது. 2022ல் வந்த ஆய்வில் 200 பெண்கள். அவர்களில் 153 பேருக்கு நோய் இருந்தது, 47 பேருக்கு இல்லை. 2,500க்கும் அதிகமான மைக்ரோ ஆர்என்ஏக்களிலிருந்து கணினி 109ஐத் தேர்ந்தெடுத்தது. பிடிக்கும் திறன் 96.7, விலக்கும் திறன் 100 சதவீதம் என்று முடிவு வந்தது. 2023ல் வேறு 200 பெண்களிடம் சோதித்தபோதும் 96, 95 என்ற அளவில் நின்றது.

ஒரு குழாயில் துப்பினால் போதும். ஊசி இல்லை, உள்ளே எதையும் நுழைக்க வேண்டாம், மாதவிடாய் நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இந்த எளிமைக்கு நான் பெரிய மதிப்பு தருகிறேன். ஒப்பீட்டிலும் இவர்கள் சரியான பக்கம் நின்றார்கள்: நோயில்லாதவர்களும் வலியோடு வந்தவர்கள்தான்.

என் தயக்கம் அந்த 47ல் இருக்கிறது. 2,500க்கும் அதிகமான குறியீடுகள் கையில் இருக்கும்போது, 47 பேரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் ஏதோ ஒரு சேர்க்கை எப்படியும் கிடைக்கும். அது நோயின் தடமா, அந்த 47 பேரின் தற்செயலா என்பது வெளியே போய்ச் சோதித்தால்தான் தெரியும். வெளியே போன சோதனையும் நன்றாக வந்தது என்பது உண்மை. ஆனால் அதிலும் நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது. நிறுவனத்தோடு தொடர்பில்லாத கைகள், வேறு நாட்டு மக்களிடம், அதே 109ஐ அப்படியே வைத்துச் செய்து பார்க்க வேண்டும்.

பிரான்சின் உயர் சுகாதார ஆணையமும் 2024 ஜனவரியில் கிட்டத்தட்ட இதே நிதானத்தைத்தான் காட்டியது. கண்டறியும் திறன் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இந்தப் பரிசோதனையால் பெண்களின் சிகிச்சை எப்படி மாறுகிறது என்பதற்கான தரவு போதாது என்று சொல்லி, அந்தத் தரவைத் திரட்டும் நிபந்தனையோடு சிறப்பு நிதித் திட்டத்தின் கீழ் அனுமதிக்கப் பரிந்துரைத்தது. அதுவும் 18 முதல் 43 வயதுள்ளவர்களுக்கு, நேரடிப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்து விடை கிடைக்காதபோது மூன்றாவது படியாக. இது எனக்கு மிகச் சரியான வாசலாகத் தெரிகிறது. அப்புறம், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் ரத்தம்: தூக்கி எறியும் சான்று

1927ல் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன், மாதவிடாய் ரத்தத்தின் ஒரு பகுதி சினைக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போய் ஒட்டி வளர்வதுதான் இந்த நோய் என்றார். பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, நோயோ பத்தில் ஒருவருக்குத்தான் வருகிறது என்பது பின்னால் தெரிந்தது. அப்படியென்றால் போகும் செல்களில் ஏதோ வித்தியாசம் இருக்க வேண்டும். அந்தச் செல்கள்தான் மாதாமாதம் வெளியே வருகின்றன. நாம் தூக்கி எறிகிறோம்.

நியூயார்க்கின் ஃபைன்ஸ்டைன் ஆய்வு நிறுவனத்தில் கிறிஸ்டின் மெட்ஸ், பீட்டர் கிரிகர்சன் இருவரும் 2013ல் தொடங்கிய ரோஸ் ஆய்வு இந்த வழியில் போகிறது. பெண்கள் தங்கள் வீட்டிலேயே மாதவிடாய்க் கப்பில் சேகரித்து அனுப்புகிறார்கள். கருப்பை உட்சுவர்ச் செல்கள் கருவை ஏற்கத் தயாராகும்போது ஒரு மாற்றம் அடைய வேண்டும். அப்போது ஐஜிஎஃப்பிபி-1 என்ற புரதத்தைச் சுரக்கும். நோயுள்ளவர்களின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துத் தூண்டியபோது அந்தப் புரதம் குறைவாகச் சுரந்தது என்று 2018ல் எழுதினார்கள். 2022ல் ஒவ்வொரு செல்லாகப் படித்தபோது, கருப்பைக்கே உரிய ஒருவகைத் தற்காப்புச் செல்கள் நோயுள்ளவர்களிடம் குறைந்திருந்தன.

இந்த வழியின் பலம் இதுதான்: ரத்தத்திலும் எச்சிலிலும் நோயின் எதிரொலியைத் தேடுகிறோம், இங்கே நோய் எங்கிருந்து கிளம்புகிறதோ அந்தத் திசுவே கிடைக்கிறது, கத்தியோ ஊசியோ இல்லாமல். மாதவிடாய் தொடங்கிய எந்தச் சிறுமியாலும் தர முடியும். திட்டின் அளவு சிறியதா பெரியதா என்பது இங்கே அவ்வளவு முக்கியமில்லாமல் போகலாம். ஸ்கேன் கோட்டைவிடும் மேலோட்டமான நோய்க்கு அது பெரிய நம்பிக்கை. சேகரிப்பும் நடைமுறையில் முடியக்கூடியதுதான்: நாப்கினில் பட்டையாக ரத்தத்தைப் பிடித்துச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை அளக்கும் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜனவரியில் அனுமதி தந்திருக்கிறது.

சிக்கல்களும் உண்டு. உயிருள்ள செல்கள் வேண்டுமென்றால் அவை அஞ்சலில் சாகாமல் வந்து சேர வேண்டும். முதல் நாள் ரத்தமும் மூன்றாம் நாள் ரத்தமும் ஒன்றல்ல. வலிக்காக ஹார்மோன் எடுத்து மாதவிடாயே நின்றுபோன பெண்ணிடம் சேகரிக்க ஒன்றும் இருக்காது. சிகிச்சையை நிறுத்திவிட்டு வா என்று அவளிடம் கேட்பதும் கொடுமை. கருப்பைத் தசைக்குள்ளேயே இந்தத் திசு வளரும் அடினோமயோசிஸ் நோயிலும் இதே மாற்றங்கள் தெரியக்கூடும். இதுவரையிலான ஒப்பீடுகளில் நோயில்லாதவர்களாக எடுத்தவர்களில் பலர் அறிகுறியே இல்லாதவர்கள் என்பதால், ரத்தத்துக்கு நேர்ந்தது இதற்கும் நேரலாம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருப்பை உட்சுவர்த் துணுக்கில் நரம்பிழைகளைத் தேடும் முறை, சிட்னியிலிருந்து 2009ல் வந்த ஆய்வில் 98, 83 சதவீதம் என்று காட்டியது. பிறகு செய்தவர்களுக்கு முடிவுகள் ஒன்றுபோல வரவில்லை. தவிர, துணுக்கு எடுப்பதே பலருக்கு வலி. சிறுநீரில் காக்ரேனுக்கு நம்பும்படியாக எதுவும் கிடைக்கவில்லை. மரபணுவில், 2023ல் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவிலிருந்து 42 இடங்களைக் கண்டார்கள். நோய் எப்படி உருவாகிறது என்று புரிய அது பெரிய உதவி. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நோய் இருக்கிறதா என்று அது சொல்லாது.

என் தேர்வு

நிதி என் கையில் இருந்தால் முதல் பங்கு ஸ்கேன் பயிற்சிக்கு. புதுக் கண்டுபிடிப்பு அல்ல, காப்புரிமை கிடைக்காது, ஆய்விதழின் அட்டையில் வராது. ஆனால் அடுத்த வருடமே பெண்களுக்குப் பலன் தரும் ஒரே வழி இது. மீதமுள்ள எல்லாப் பரிசோதனைகளுக்கும் முன்படியாக நிற்கப்போவதும் இதுதான். நல்ல ஸ்கேன் இல்லாத இடத்தில் எச்சில் பரிசோதனைக்கு மூன்றாவது படி என்ற இடமே இருக்காது.

புதிதாக உருவாக்கும் உழைப்பை மாதவிடாய் ரத்தத்தில் போடுவேன். வேலை என்ன என்பதையும் முதலிலேயே எழுதி வைப்பேன்: ஸ்கேனில் ஒன்றும் தெரியாத, ஆனால் வலி உள்ள பெண்ணுக்கும் பதின்ம வயதினருக்கும் "இருக்கிறது" என்று உறுதி சொல்வது. விலக்கும் திறன் 95, பிடிக்கும் திறன் 50 வந்தாலே கொண்டாடுவேன். பாதிப் பேருக்குச் சில வருடம் முன்னதாக விடை கிடைக்கும். மீதிப் பாதிக்குத் தேடல் தொடரும், அவ்வளவுதான். எச்சிலில் இன்னொரு புதுப் பட்டியலைத் தேட ஒரு பைசாகூடத் தர மாட்டேன். இருக்கும் 109ஐச் சுதந்திரமாகச் சரிபார்க்கக் கேட்டால் தாராளமாகத் தருவேன். ரத்தத்தைத் தனிப் பாதையாக எடுக்காமல், அதே பெண்களிடம் கூடவே எடுத்து உறையவைத்துக்கொள்ளலாம்.

ஆய்வில் யாரைச் சேர்ப்பது? நோய் இருக்கிறதா இல்லையா என்று இன்னும் தெரியாத, வலியோடு முதல்முறை வருகிற பெண்களை, வந்த வரிசையில். அறுவைக்குப் போகிறவர்களுக்குப் பயாப்ஸியோடு ஒப்பிடலாம். போகாதவர்களை விட்டுவிடாமல் இரண்டு, மூன்று ஆண்டு பின்தொடர வேண்டும். மாதிரி எடுத்த நாள் சுழற்சியில் எத்தனையாவது நாள், என்ன மாத்திரை, எத்தனை மணி நேரத்தில் உறையவைத்தோம் என்பதெல்லாம் பதிவாக வேண்டும். இதற்கான பொதுப் படிவங்களை உலக எண்டோமெட்ரியோசிஸ் ஆராய்ச்சி அறக்கட்டளை 2014லேயே வெளியிட்டுவிட்டது. ஆளுக்கொரு படிவம் உருவாக்கத் தேவையில்லை. கணக்கிடும் சூத்திரத்தைப் பூட்டி வைத்த பிறகே இரண்டாவது ஆய்வகத்தின் மாதிரிகளைத் திறக்க வேண்டும்.

இன்னொன்று, முடிவுத் தாளின் வாசகம். பரிசோதனை தயாராகும் முன்பே அதை எழுதி, வலியோடு இருக்கும் பத்துப் பெண்களிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். நெகட்டிவ் வந்தவருக்கான வரியை நான் இப்படித் தொடங்குவேன்: "இந்தப் பரிசோதனை உங்கள் மாதிரியில் எண்டோமெட்ரியோசிஸின் தடயத்தைக் காணவில்லை. நோயுள்ளவர்களில் பாதிப் பேரை இது தவறவிடக்கூடும். வலி தொடர்ந்தால் இந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பப் போங்கள்."